பார்ட் டூ மேடம்

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் மற்றவர்கள் எழுந்து பையைத் தேடுவார்கள். அவள் அசையாமல் உட்கார்ந்து இரண்டாம் பாகத்தை ஆரம்பிப்பாள். முதல் பாகம் நன்றாக இருந்ததா இல்லையா என்பதில் அவளுக்கு அக்கறையே கிடையாது. அது எடுத்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அடுத்ததையாவது ஒழுங்காக எடுக்க வேண்டும், அதை எடுத்துச் சொல்ல தில்லியில் தன்னைவிட்டால் ஆள் இல்லை என்று உண்மையிலேயே நம்பினாள்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேட்டுவிட்டு எழுத ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, கேட்காமல் எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. பஸ்ஸில் எல்லோரும் அவளை 'பார்ட் டூ மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதுவே போதும்.

பஸ் என்றால் சார்ட்டர்டு பஸ். மயூர் விஹாரில் அரசாங்க ஊழியர்களை ஏற்றிக்கொண்டு ஆர்.கே. புரத்தில் கொட்டி, சாயங்காலம் அதே ஆட்களை அள்ளிக்கொண்டு திரும்பும் தனியார் பஸ். மாதச் சந்தா, நிரந்தர சீட். யார் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் சண்டை வரும். எனக்கும் அவளுக்கும் இடதுபக்கம் நான்காவது வரிசை, ஜன்னல் அவளுடையது. அவள் ஆபீஸ் வேறு, என் ஆபீஸ் வேறு. எங்களுக்குள் பொதுவாக இருந்ததெல்லாம் அந்த சீட்டும் தமிழும்தான். அந்தத் தமிழிலும் அவளுடையது திருநெல்வேலி, என்னுடையது திருச்சி. அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தில்லியில். தமிழ் வாசிக்க வராது. ஆனால் வாயைத் திறந்தால் தாமிரபரணித் தண்ணீர்தான், நடுநடுவே யமுனையும் கலந்து வரும்.

மேம்பாலம் கட்டுகிறோம் என்று ரிங் ரோட்டைத் தோண்டிப்போட்டிருந்த வருஷங்கள் அவை. ஆஷ்ரம் சந்திப்பில் பஸ் நின்றால் நின்றதுதான். ஆண்கள் பின்சீட்டில் சீட்டாடுவார்கள். பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள், குளிர்காலத்தில் பட்டாணி உரிப்பார்கள். இவளும் மடியில் பாலித்தீன் பையை விரித்து பட்டாணி உரித்துக்கொண்டே கதை சொல்வாள். புடவைக்குமேல் கணவருடைய பச்சை ராணுவ ஸ்வெட்டரைப் போட்டிருப்பாள். தொளதொளவென்று முழங்கால் வரைக்கும் வரும். கை நீளத்தை மடித்து மடித்து விட்டுக்கொள்வாள்.

சூப்பர் ஹீரோ படங்கள் மட்டும்தான் அவளுக்குக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் கேபிளில் இந்தியில் பேசிக்கொண்டு வருவார்களே, முகமூடிக்காரர்கள், பறக்கிறவர்கள், அவர்கள்தான். பெண்ணுக்காகப் பார்க்க ஆரம்பித்தாளாம். பெண் வளர்ந்து பாட்டுப் போட்டி பார்க்கப் போய்விட்டது, இவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"மொதப் படத்துல ஒரு வில்லன். ரெண்டாவதுல மூணு வில்லனைக் கொண்டாந்து நிறுத்துதான். எதுக்குட்டி? ஒருத்தனுக்கும் நின்னு பேச நேரமில்ல. எங்க ஆபீஸ்ல ஒரே ஒரு அண்டர் செகரட்டரி இருக்காரு, அந்த ஒருத்தரைச் சமாளிக்கவே ஒரு படம் பத்தாது."

இதுதான் அவள் பாணி. முகமூடிக்காரனின் உடையை யார் துவைக்கிறார்கள் என்று கேட்பாள். தில்லிக் குளிரில் அது காய எத்தனை நாள் ஆகும், காயாத அன்றைக்கு ஊரில் ஆபத்து வந்தால் என்ன செய்வான், அதை இரண்டாம் பாகத்தில் காட்ட வேண்டாமா? அவன் பகலில் ஏதோ ஒரு ஆபீசில் வேலை பார்ப்பதாகக் காட்டுகிறார்களே, பாதிநேரம் ஆளே சீட்டில் இருப்பதில்லையே, மேலதிகாரி விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க வேண்டாமா? அந்த மெமோவுக்கு அவன் என்ன பதில் எழுதுவான்? உண்மையை எழுத முடியாது. பொய் எழுதவும் மனசு வராது, நல்லவன். "அங்க இருக்கு கதை" என்பாள். பாலம் இடிந்து விழுகிற சண்டைக்காட்சியில் எல்லோரும் ஹீரோவைப் பார்ப்பார்கள். இவள் பாலத்தில் நின்றுபோன பஸ்ஸைப் பார்ப்பாள். "உள்ள நம்மள மாதிரி பொம்பளைங்க இருப்பாங்கல்லா. அன்னிக்கு வீட்டுக்கு எப்படிப் போனாங்கன்னு எவனாவது சொன்னானா?"

என்னிடம் தமிழில் சொல்வதை அப்படியே பஸ்ஸுக்கு இந்தியில் சொல்வாள். சொல்லும்போது அது அவளுடைய யோசனை என்றே தோன்றாது. ஏற்கெனவே வந்துவிட்ட படத்தின் கதையைச் சொல்கிற மாதிரி, என்ன நிறச் சட்டை, வெளியே மழையா வெயிலா என்பதுவரை சொல்வாள். அதனால்தான் அந்தக் கூத்து நடந்தது.

எங்கள் பஸ்ஸுக்குப் பொறுப்பாளர் ஒரு சர்தார்ஜி. சந்தா வசூல், டிரைவரைத் திட்டுதல், பிறந்தநாளுக்கு சமோசா வாங்குதல் எல்லாம் அவர்தான். ஒரு படத்தின் இரண்டாம் பாகம் உண்மையாகவே தியேட்டருக்கு வந்தது. அவர் குடும்பத்தோடு சனிக்கிழமை போயிருக்கிறார். இவள் சொன்ன மெமோ காட்சி வரும் என்று கடைசிவரை காத்திருந்திருக்கிறார். வரவில்லை. மேனேஜர் அறைக்கே போய், கூடுதலாக ஒரு ஷோ ஓட்டுவதற்காக நீங்கள் மெமோ காட்சியை வெட்டிவிட்டீர்கள் என்று சண்டை போட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் பஸ் முழுக்க இதே பேச்சு. பின்சீட்டில் இன்னும் இரண்டு பேர், நாங்கள் பார்த்த தியேட்டரிலும் வெட்டிவிட்டார்கள் என்றார்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவள் ஒரு பட்டாணிக் காயை நிதானமாகப் பிளந்து, "அச்சா? காட் தியா?" என்று, அப்படியா, வெட்டிட்டாங்களா என்று ரொம்ப வருத்தமாகக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எடுத்தவன் வெட்டலை. எடுக்கவே இல்லை. அதாம்ட்டி அவன் செஞ்ச தப்பு" என்றாள். அன்றிலிருந்துதான் அந்தப் பட்டப்பெயர்.

ஆனால் விளையாட்டாகச் சொல்லாத ஒரு விஷயமும் அவளிடம் இருந்தது. அது வந்தால் குரல் மாறிவிடும்.

இந்தப் படங்களின் முடிவில் ஒரு காட்சி வருமே. வில்லன் செத்தாயிற்று. ஊர் பிழைத்தது. கதாநாயகி மொட்டைமாடிக்கு ஓடிவருகிறாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, என்னோடு இருந்தால் உனக்கு ஆபத்து, உன் நல்லதுக்காகத்தான் விலகிப்போகிறேன் என்கிறான். பின்னணியில் வயலின். தியேட்டரில் பாதிப் பேர் கண்ணைத் துடைக்கிறார்கள். இவளுக்கு மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"யாரு கேட்டா அவன்கிட்ட? எனக்குப் பயமா இருக்குன்னு அவ சொன்னாளா? இவனா முடிவு பண்ணி இவனா போயிருதான். தியாகமாம். ரெண்டாம் பாகத்துல மொத சீன்லயே அவளைக் கேக்கணும். இன்ன இன்ன கஷ்டம் இருக்கு, வாறியா, வரலையான்னு. அதுக்கப்புறம் எத்தனை வில்லன் வேணும்னாலும் வந்துட்டுப் போட்டும்."

சர்தார்ஜி இதை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார். தியாகம் செய்யாவிட்டால் அவன் என்ன ஹீரோ என்பார். இவள் விடமாட்டாள். பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்து லாஜ்பத் நகர் தாண்டுகிறவரைக்கும் கத்தும். நான் அவள் கட்சி. அந்த வயதில் எனக்கு அதில் பெரிய கொள்கையெல்லாம் இல்லை, அவள் கட்சி என்பதே போதுமானதாக இருந்தது.

அவளுடைய கணவர் ராணுவத்தில் ஹவில்தார். கல்யாணமான நாளிலிருந்து பனிமலை, பாலைவனம் என்று குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடங்களாகவே வாய்த்தன. வருஷத்துக்கு இரண்டுமுறை லீவில் வருவார். வந்தால் கதவு கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விடுவார். பெண்ணுக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தருவார். பிறகு போய்விடுவார். அவரைப் பற்றி அவள் குறையாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைகளில் திரும்பும் வழியில் நாங்கள் இருவரும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கிக்கொள்வோம். நல்லெண்ணெய், அப்பளம், வாடாத கறிவேப்பிலை எல்லாம் அங்கேதான் கிடைக்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவளைப் பார்த்து, "என்னக்கா, மூட்டை கட்ட ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாள். அவளுடைய கணவரும் ஹவில்தார் இருந்த அதே படைப்பிரிவு.

"எதுக்கு?" என்றாள் இவள்.

"பெங்களூர் போஸ்டிங் வந்திருக்கே. ஃபேமிலி குவார்ட்டர்ஸோட. எங்க வீட்டுல பேர் கொடுத்தாச்சு. அண்ணன் மட்டும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்திட்டாராமே, நீங்க வேலையில இருக்கீங்கன்னு. நிஜமா?"

இவள் கையிலிருந்த முருங்கைக்காயை வளைத்துப் பார்த்தாள். முற்றல். கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். "ஆமா, நிஜம்தான்" என்றாள். அந்தப் பெண் போனபிறகும் முருங்கைக்காயைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் ஏறியபிறகு, "எனக்குத் தெரியாதுட்டி" என்றாள்.

விஷயம் எனக்கு உடனே புரிந்தது. அரசாங்க வேலையில் கணவன் மனைவி ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்று மாற்றல் கேட்கலாம். அவள் துறைக்கு பெங்களூரில் ஒரு கிளை இருந்தது. கேட்டால் கிடைத்திருக்கும். ஆனால் நாமாகக் கேட்டுப் போகிற மாற்றலுக்கு சீனியாரிட்டி போய்விடும். போகிற இடத்தில் நேற்று சேர்ந்த பையனுக்குக் கீழே பெயர் வரும். அவள் அஸிஸ்டென்ட் பதவிக்கு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அதைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்து, பிறந்து வளர்ந்த ஊரைவிட்டுப் பெயர்க்க வேண்டாம் என்று நினைத்து, அந்த மனுஷர் தாமாகவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனசு. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

அதற்குப்பிறகு பஸ்ஸில் இரண்டாம் பாகம் நின்றுபோனது. ஆஷ்ரமில் பஸ் நிற்கும்போது முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். உடம்பு சரியில்லையா என்று சர்தார்ஜி என்னிடம் விசாரித்தார். தலைவலி என்றேன்.

அடுத்த லீவில் அவர் வந்தார். ஒருநாள் காலை அவரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஆர்.கே. புரத்தில் ஏதோ வேலை என்று சொன்னாள், பொய். எனக்குக் காரணம் தெரியும். அவள் வீட்டில் இரண்டே அறை, ஒன்றில் அப்பா அம்மா, இன்னொன்றில் வயதுக்கு வந்த பெண். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட அந்த வீட்டில் இடம் கிடையாது.

என் சீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். நல்ல உயரம், கூச்ச சுபாவம். அவளுடைய சாப்பாட்டுப் பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சர்தார்ஜி எழுந்து ஒரு சல்யூட் அடித்து, எங்கள் மேடம் சொல்லும் கதைகளை நீங்கள் கேட்டதுண்டா என்றார். அவர் சிரித்து வைத்தார்.

யமுனைப் பாலத்தில் பஸ் ஏறியதும் அவள் ஆரம்பித்தாள். குரலை உயர்த்தவில்லை. கதை சொல்லும் அதே நிதானமான குரல், அதே ஜன்னலோரத் தலைசாய்ப்பு. அந்த பஸ்ஸில் எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது.

"பெங்களூரை வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்களாமே."

அவர் பையை மடியில் நிமிர்த்தி வைத்தார். "உனக்கு சீனியாரிட்டி போயிரும்லா. பிள்ளை படிப்பு வேற இருக்கு. உன் நல்லதுக்குத்தான்..."

"போவும். போனா போட்டும்னு நான் சொல்லுவேனோ, போவக்கூடாதுன்னு சொல்லுவேனோ, உங்களுக்கு என்ன தெரியும்?"

"கஷ்டப்படுவேன்னு நெனச்சேன்."

"இத்தனை வருஷமா சொகமா இருந்தேன், பாருங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் வரலைன்னே சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லவாவது எனக்கு வாய் வேணும்லா. அதையும் நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க."

முன்னாலிருந்து ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். பல வாரத்துக்குப்பிறகு அந்தக் குரல் கேட்கிறது. பின்சீட்டில் சீட்டாட்டம் நின்றது. சர்தார்ஜி மெல்ல நடந்துவந்து என் பக்கம் குனிந்து, "பார்ட் டூ?" என்று கிசுகிசுத்தார்.

"ஹாஞ்சி" என்றேன். "பார்ட் டூ."

அவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு வார்த்தை புரியாமல் பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது. ஹவில்தார் சாப்பாட்டுப் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். ஆஷ்ரமில் வழக்கம்போல் நின்றோம். எஞ்சினை டிரைவர் அணைத்தார். அந்த அமைதியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"சரி. இப்ப கேக்கேன். இடம் இன்னும் போயிரலை, நான் எழுதிக் கேட்டா குடுப்பாங்க. குவார்ட்டர்ஸ் சின்னது. உனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. ரெண்டு மூணு வருஷத்துல என்னை வேற எங்கயாச்சும் தூக்கிப் போட்டிருவாங்க, நீ அங்கயே மாட்டிக்கிடுவே. வாறியா?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். என்னால் பின்னாலிருந்து கன்னத்தைத்தான் பார்க்க முடிந்தது. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.

சர்தார்ஜி என் தோளைத் தட்டினார். என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டார். ஹீரோ கேட்டுவிட்டான் என்று இந்தியில் சொன்னேன். ஹீரோயின் என்ன சொன்னாள்? யோசிக்கிறாளாம். பஸ்ஸில் யாரோ கைதட்டினார்கள், அது பின்சீட்டுவரை பரவியது. ஹவில்தாருக்கு எதற்கென்று புரியவில்லை, எல்லோரையும் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு என்றுதான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் லீவு முடிந்து போனார். அவள் பழையபடி ஆகிவிட்டாள். புதிதாக ஒரு பறக்கிறவன் வந்திருந்தான், அவனுக்கு உயரம் என்றால் பயம் வர வேண்டும் என்று இரண்டாம் பாகத்துக்கு ஒரு யோசனை. பெங்களூரைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே பதில் வந்துவிடுமோ என்றிருந்தது. பட்டாணி சீசன் வந்து, முடிந்தும் போனது. போகமாட்டாள் என்று ஒருவிதமாக முடிவுகட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

ஹோலி முடிந்த வாரம். புதன்கிழமை. பஸ் ஏறி உட்கார்ந்ததும், "ஆர்டர் வந்திட்டுட்டி. வெள்ளிக்கிழமை ரிலீவ் பண்ணுதாங்க" என்றாள்.

எனக்கு முதலில் என்ன ஆர்டர் என்றே புரியவில்லை. புரிந்ததும், "எப்ப எழுதிக் கொடுத்த?" என்றேன்.

"தீபாவளிக்கு முன்னாடியே."

தீபாவளி, கிறிஸ்துமஸ், புதுவருஷம், பொங்கல், ஹோலி. தினம் காலையும் மாலையும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கிறோம். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அழுவேல்லா. தெனமும் இதையே நெனச்சிட்டு இருப்பே. உன் நல்லதுக்குத்தான்..."

அங்கே நிறுத்திவிட்டாள். சொன்னது அவளுக்கே கேட்டுவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று ஆஷ்ரமில் பஸ் நிற்கவே இல்லை. மேம்பாலம் திறந்துவிட்டிருந்தார்கள், சர்ரென்று ஏறி இறங்கி நேரத்துக்கு முன்பே ஆபீஸ் போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சமோசாவும் குலாப் ஜாமூனும் கொடுத்தார்கள். சர்தார்ஜி இந்தியில் பேசினார், கண் கலங்கினார், தியாகம் செய்யாமலும் ஹீரோவாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளை அஸிஸ்டென்ட் ஆகவிடாமல் கூட்டிக்கொண்டு போகிற ஹவில்தார்மேல் அன்றைக்கு எனக்கு ஒரு துளிகூடக் கோபம் வரவில்லை.

முதலில் வாரம் ஒருமுறை போன் வந்தது. பேச வேண்டியதை விட்டுவிட்டு வெயில், விலைவாசி, பெண்ணின் படிப்பு என்று பேசுவோம். பிறகு மாதத்துக்கு ஒன்று. அவர்கள் குவார்ட்டர்ஸ் மாறினார்கள். நாங்கள் வீடு மாறினோம். மெட்ரோ வந்தபிறகு சார்ட்டர்டு பஸ்ஸும் நின்றுபோனது, அவள் நம்பர் தெரிந்தவர்கள் அந்த பஸ்ஸோடு போனார்கள். அவள் அங்கே சந்தோஷமாக இருந்தாள் என்று மட்டும் தெரியும், குரலிலேயே தெரிந்தது. அந்த ஊரில் அவளுக்குப் பக்கத்து சீட் யார் என்று கேட்க ஒவ்வொரு தடவையும் நினைத்தேன், கேட்டதில்லை.

இத்தனை வருஷம் ஆகியும் அவள்மேல் வந்த கோபம் எனக்குப் போகவில்லை. ஊரே அவளைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னாலும் நான் சொல்லமாட்டேன். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள், பஸ் நின்றுகொண்டிருந்த ஏதோ ஒரு நேரத்தில், "போகட்டுமாட்டி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் "போ" என்றுதான் சொல்லியிருப்பேன். அழுதிருப்பேன், மூக்கைச் சிந்தியிருப்பேன், அதற்கப்புறம் போ என்று சொல்லியிருப்பேன். சொல்லத் தெரியாதவள் இல்லை நான்.